முகம் பார்க்கும் வீல்

இட்லிச் சட்டியை வெளுக்க வைக்கிற புளி கார் வீலை மட்டும் ஏன் வெளுக்க வைக்காது என்று மோகனசுந்தரம் நினைத்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. எறும்பைப் பற்றி நினைக்காமல் விட்டதுதான் தப்பு.

திங்கட்கிழமை சாயங்காலம் அரைக்கிலோ புளியைக் கரைத்து முன்சக்கரத்து அலுமினிய வீலில் அப்பிவிட்டுப் போனவர், செவ்வாய்க்கிழமை காலை வந்து, கழுவலாம் என்று கையை வைத்தார். கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துக் கட்டெறும்பு அத்தனையும் அங்கே விருந்துக்கு வந்திருந்தது. முழங்கை வரைக்கும் ஏறிவிட்டது.

"ஐயய்யோ! அடச் சனியனே!"

வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த பழனாத்தாள் எட்டிப் பார்த்தாள். புளி யோசனையைச் சொன்ன புண்ணியவதி அவள்தான்.

"என்னுங் தம்பி, வெளுத்துதுங்ளா?"

"வெளுக்கலீங்க்கா. என்ற கைதான் செவந்துது."

"அப்பிடீன்னா ஒரு கிலோவாப் போட்டிருக்கோணுமுங்."

மோகனசுந்தரம் கையை உதறினார். வீல் அப்படியே கருமையாக, அடிப்பிடித்த சட்டி மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன என்று கேட்டால், கோமதியிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

கோமதி அவருடைய மனைவி. போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்த காலத்தில் அவளுக்கு இரண்டு பைத்தியம் இருந்தது. ஒன்று, வாங்குகிற பாத்திரத்தில் எல்லாம் தன் பேரை வெட்டி வைப்பது. கரண்டியைக்கூட விடமாட்டாள். ஒரே மகள் தமிழ்ப்ரியாவின் கல்யாணச் சீரில் அண்டா முதல் டம்ளர் வரைக்கும் கோமதி பேரோடுதான் மூணாறு மலையேறிப் போயிற்று. இன்னொன்று, இந்தக் கார். நாற்பத்தைந்து வயதில் ஓட்டப் பழகினாள். அவள் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து பழனி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போவார். கோயமுத்தூர் போய் அந்த அலாய் வீலை அவளே பார்த்துப் பார்த்து வாங்கினாள். வெள்ளிக்கிழமை விளக்குத் துடைத்த கையோடு வந்து நாலு வீலையும் துடைப்பாள். குனிந்தால் முகம் தெரியும்.

அவள் போனபிறகு யார் துடைக்கிறது? கருத்துப் போயிற்று. மனிதரும்தான் கொஞ்சம் கருத்துப் போனார். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை. வீலை எடுத்துவிட்டார்கள்.

பழனாத்தாள் வீட்டுக் காதுகுத்துப் படம் ஒன்றில் பின்னால் இவருடைய கார் நின்றது. அந்தப் படம் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியில் இருக்கும் தமிழ்ப்ரியாவின் போனுக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை காலை அவள் கூப்பிட்டாள்.

"அப்பா, போட்டோவுல நம்ம வண்டியப் பாத்தனுங். வீலெல்லாம் என்னுங்ப்பா இப்பிடிக் கருத்துக் கெடக்குது? அம்மா இருந்தப்ப அதுல மொகம் பாப்பமே."

"தூசி அம்முணி. வேறொண்ணுமில்ல."

"உங்களத் தனியா உட்டுட்டு இருக்கறது எனக்குச் சரியாப் படலீங்ப்பா. ஞாயித்துக்கெழம வர்றேன். நேர்ல பேசி ஒரு முடிவு பண்ணிக்கலாமுங்" என்றாள்.

முடிவு! அந்த வார்த்தையின் அர்த்தம் மோகனசுந்தரத்துக்குத் தெரியும்.

மேற்குத் தோட்டத்துச் சென்னிமலை என்கிறவருக்கும் இப்படித்தான் ஆயிற்று. பொண்டாட்டி போன மூன்றாம் மாதம் பெங்களூரிலிருந்து மகன் வந்தான். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தான். உள்ளே எறும்பு. "உங்களால சமாளிக்க முடியாதுங்ப்பா" என்று சொல்லி, வீட்டைப் பூட்டி, பதினோராம் மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டான். எட்டே மாதத்தில் சென்னிமலை ஆம்புலன்சில் ஊருக்குத் திரும்பினார், இறங்கி நடக்கிற நிலைமையில் இல்லை. இப்போது அந்த வீட்டில் பெருச்சாளி குடும்பம் நடத்துகிறது.

ஒரு எறும்புக்கே அந்தக் கதி என்றால், நாலு வீலுக்கு என்ன ஆகும்? மாட்டுப்பட்டிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டியதுதான். கோமதி நடந்த வீட்டை விட்டு ஓரடி நகர்வதில்லை என்று அவர் முடிவு கட்டினார். மகள் வந்து இறங்கும்போது வீல் பளபளக்க வேண்டும். அப்பன் தனியாகவே ஜோராக இருக்கிறான் என்று அது சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை குளியலறையில் இருந்த ஆசிட் பாட்டிலை எடுத்தார். கருப்படித்த டைல்ஸையே வெளுக்க வைக்கிறதே, வீல் எம்மாத்திரம்? இரண்டாவது வீலில் ஊற்றினார். புஸ்ஸென்று நுரைத்தது, புகைந்தது, அவர் இருமிக்கொண்டே தென்னை மரத்தடிக்கு ஓடினார். புகை அடங்கித் திரும்பி வந்து பார்த்தால் வீல் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. தேமல் படர்ந்த முதுகு மாதிரி இருந்தது.

"பாதி வெளுத்திருக்குதுங்ளே!" என்று வேலியோரம் பழனாத்தாள் சந்தோஷப்பட்டாள். "மீதிக்குச் சலவைச்சோடாவக் கொதிக்க வெச்சு ஊத்துங். என்ற மாமனாரு வேட்டியே அதுலதான் வெளுக்கும்."

"வேட்டி வேற, வீலு வேறீங்க்கா."

"அழுக்கு ஒண்ணுதானுங்?"

இப்படிப்பட்ட நியாயத்தில்தான் மனிதன் மோசம் போகிறான். சலவைச்சோடாவைக் கொதிக்க வைத்து மூன்றாவது வீலில் ஊற்றினார். அது கருப்பிலிருந்து இன்னும் பெரிய கருப்புக்குப் போனது. அப்படி ஒரு கருப்பை அவர் எருமைக் கன்றில்கூடப் பார்த்ததில்லை.

அன்று மதியம் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கோமதியின் பேர் இருந்தது. "நீ இருந்தா இப்பிடி ஆகியிருக்குமா?" என்று தட்டைப் பார்த்துக் கேட்டார். தட்டோடு பேசுவதை மகள் பார்த்தால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள் என்று பட்டதும், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை புத்தி இன்னும் ஒருபடி கீழே இறங்கியது. வாசல் கேட்டுக்கு அடித்த சில்வர் பெயின்ட் கால் டப்பா மிச்சம் இருந்தது. நாலாவது வீலுக்கு அதை அடித்தார். அடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. பத்தே நிமிடத்தில் அழ ஆரம்பித்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகி, டயரெல்லாம் வெள்ளிக் கோடு விழுந்து, வாசல் கல்லில் வந்து உறைந்தது.

ஆக, ஒரே காருக்கு நாலு சாதி வீல்.

வேறு வழியில்லாமல், காரைக் கல்லின்மேல் தூக்கி நிறுத்திவிட்டு, நாலு வீலையும் கழற்றி ஆட்டோவில் போட்டுக் கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஷைஜு என்று ஒரு மலையாளத்துக்காரன் பழைய அலாய் வீலைப் புதிதாக்கித் தருகிறானாம். ஷைஜு வீல்களை வரிசையாக வைத்து, பிணத்தைப் பார்க்க வந்தவன்போலக் கைகட்டி நின்றான்.

"ஏட்டா, இது ஆரு செய்தது?"

"நாந்தானுங்."

"நாலும் ஒரே ஆளா? நான் நாலு சத்ருக்கள்னு நினைச்சேன்." பிறகு விரலால் தட்டிக் காட்டினான். "இதுமேல கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங் உண்டு ஏட்டா. நீங்க அழுக்குன்னு நினைச்சது அந்தக் கோட்டிங் செத்துப் போனது. அத முழுக்க எடுக்கணும். எடுத்துட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். மொதல்ல முரடு, அப்புறம் நைஸு, அப்புறம் அதிலும் நைஸு. ஒரு நம்பரக்கூட விடாம, தண்ணி தொட்டுத் தொட்டு. கடைசியில பாலிஷ்."

"சனிக்கெழமைக்குள்ள பண்ணிக் குடுத்துருங் சாமி."

"ஆளில்ல ஏட்டா. பணிக்காரங்க எல்லாம் ஓட்டுப் போட பெங்காலுக்குப் போயிட்டாங்க. மாசம் ஒண்ணாகும்."

மோகனசுந்தரத்தின் முகம் போன போக்கைப் பார்த்து ஷைஜுவுக்கே மனசு கேட்கவில்லை. பெயின்ட் எடுக்கிற மருந்து ஒரு டப்பா, உப்புத்தாள் ஒரு கட்டு, பாலிஷ் ஒரு டின் எல்லாம் எடுத்துக் கொடுத்தான். "நீங்களே செய்யுங்க. கை போகும், ஆனா வீல் வரும். பாலிஷுக்கு நல்ல பழைய பருத்தித் துணி வேணும், தொட்டா வெண்ணெய் மாதிரி இருக்கணும். ஒண்ணு சொல்றேன், மேல கோட்டிங் இல்லாத மினுக்கு ஒரு மழைக்குத்தான் தாங்கும்."

"ஒரு ஞாயித்துக்கெழம தாங்குனாப் போதுமுங்" என்றார் மோகனசுந்தரம்.

அப்புறம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வியாழன் மதியம் தொடங்கி, சனிக்கிழமை மதியம் வரைக்கும் வாசலில் உட்கார்ந்து தேய்த்தார். தோள்பட்டை கழன்றது. முதுகு வளைந்தபடியே நின்றுவிட்டது. ஆனால் ஷைஜு சொன்னது பொய்யில்லை. முரடு போய் நைஸு வந்ததும், கருப்புக்கு அடியிலிருந்து ஒரு வெளுப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. அவர் வாழ்க்கையில் பதினோரு மாதத்துக்குப் பிறகு உருப்பட்ட முதல் காரியம் அதுதான்.

சனிக்கிழமை மதியம் ரேஷன் கடைக்குப் போனார், மகளுக்குச் சோறாக்க அரிசி வேண்டுமே. கடைக்காரி ஜோமோள் மெஷினை நீட்டினாள். கட்டைவிரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல், பத்தும் வைத்தாயிற்று. ரேகை முழுவதும் வீலோடு போயிருந்தது.

"சேட்டா, இப்படி ஒரு ஆளே இல்லன்னு மெஷின் பறயுது."

"ஆளு முன்னால நிக்கறனேம்மா?"

"அது எனக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரிய வேண்டே? ஒரு ஓடிபி அனுப்பறேன். கார்டுல இருக்கிற போனுக்கு வரும்."

கார்டில் இருப்பது கோமதியின் நம்பர். அவளுடைய போன் வீட்டுப் பீரோவில், அவள் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சார்ஜ் போட்டு வைப்பார், எதற்கென்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். ஆறு எண்கள் வந்து கிடந்தன. ரேஷன் கடைக் கணக்கில் அவள் இருக்கிறாள், அவர்தான் இல்லை. அழுகை வந்தது. அழுதார். அரிசி கிடக்கட்டும், பழனாத்தாளிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று பீரோவைச் சாத்தப் போனபோது, நீலப்பூப் போட்ட பழைய பருத்தி வாயில் சேலை ஒன்று கையில் பட்டது. தொட்டால் வெண்ணெய் மாதிரி இருந்தது.

ரொம்ப நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உன்ற வீலுதானே. உன்ற ஊட்டுக் காவலுக்குத்தானே" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிழித்தார்.

பொழுது சாய்வதற்குள் நாலு வீலும் காரில் ஏறிவிட்டன. குனிந்தார். நாலிலும் முகம் தெரிந்தது. ஷேவிங் பண்ண வேண்டும் என்பதும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு மூணாறு டாக்ஸி ஒன்று வந்தது. வாசல் மேட்டில் ஏறி இறங்கும்போது கடமுடவென்று பெரிய சத்தம். மோகனசுந்தரத்தின் கண்ணுக்கு இந்த ஒரு வாரமாக வீலையும் டயரையும் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. டாக்ஸியின் பின்டயர் இரண்டும் சப்பென்று அமுங்கியிருந்ததை முதலில் பார்த்தார். மகளைப் பிறகுதான் பார்த்தார். இளைத்திருந்தாள்.

"வா அம்முணி. மாப்பள வரலியா?"

"அவருக்கு வேலைங்ப்பா" என்று அவள் எங்கோ பார்த்துச் சொன்னாள்.

டிரைவர் பெரியமுத்து, ஐம்பது வயசிருக்கும், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த ஆள், இறங்கிச் சோம்பல் முறித்தார். மோகனசுந்தரம் அவரிடம் போய், "ஏனுங், பின் டயருல காத்துக் கம்மியா இருக்குது. சைலன்சரும் லூசாட்டத் தெரியுது, இந்தச் சத்தம் போடுது" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா" என்று பெரியமுத்து சிரித்துவிட்டு மாமர நிழலுக்குப் போனார். மலைக்காரனுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று மோகனசுந்தரம் நினைத்துக்கொண்டார்.

தமிழ்ப்ரியா காரருகே நின்றுவிட்டாள். மெதுவாகக் குனிந்தாள். முன் வீலில் அவள் முகம் தெரிந்தது.

"அம்மா இருந்தப்ப மாதிரியே இருக்குதுங்ப்பா."

"பின்ன? நான் எல்லாத்தையும் அப்பிடியே வெச்சிருக்கறேன். ஒரு கொறையுமில்ல."

"கை என்னுங்ப்பா இப்பிடித் தேஞ்சிருக்குது?"

"தேங்கா உரிச்சது."

பக்கத்துக் கொடியில் பாலிஷ் கறையோடு நீலப்பூத் துணி தொங்கியது. அவள் அதைத் தொட்டாள். "இது அம்மாவோட சேலதானுங்?"

உண்மையைச் சொன்னால் மோகனசுந்தரம் அழுதுவிடுவார், அழுதால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவாள். "போனவ சேலைய அடுக்கி வெச்சு என்ன பண்றது அம்முணி? தொடைக்க ஆகும்னு எடுத்துட்டேன்" என்றார், கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே அழைத்துப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து மூக்கருகே நீட்டினார்.

"பாரு, ஒரு எறும்பு இருக்குதா?"

"இல்லீங்ப்பா" என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

சாப்பாடு போட்டார். அவள் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

"மேல என்ற ரூமு அப்பிடியேதான் இருக்குதுங்ளா?"

வந்துவிட்டது விசாரணை. காலி அறை என்று சொன்னால், இத்தனை பெரிய வீடு ஒரு ஆளுக்கு எதற்கு என்பாள். அந்த அறையை நேற்றுத்தான் கூட்டித் துடைத்து, புது விரிப்புப் போட்டு வைத்திருந்தார். "அதுல கொப்பரை மூட்ட போட்டுட்டேன். காலடி வெக்க எடமில்ல" என்றார்.

"ஓ" என்றாள். சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "தனியா இருக்கறது கஷ்டமா இல்லீங்ளாப்பா? கூட ஒரு ஆளு இருந்தா..."

இதற்குத்தான் அவர் ஒரு வாரமாகக் காத்திருந்தார். சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆளா? எனக்கெதுக்கு ஆளு? ராஜாவாட்ட இருக்கறேன். நெனச்சப்ப எந்திரிக்கறேன், நெனச்சப்பத் திங்கறேன். ஆளு வந்தாத்தான் தொந்தரவு. யாராச்சும் வந்து கூட இருக்கறேன்னு சொன்னாக்கூட வேண்டாம் தாயேன்னு கும்புட்டு அனுப்பிப் போடுவேன்!"

தமிழ்ப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். தட்டில் வெட்டியிருந்த அம்மா பேரை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு எழுந்து கை கழுவினாள்.

"சரீங்ப்பா. நாங் கெளம்பறேன்."

"என்னமோ பேசி முடிவு பண்ணோணும்னயே?"

"பேசியாச்சுங்ளே" என்றாள்.

மோகனசுந்தரத்துக்கு உள்ளே குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஜெயித்துவிட்டார்! வீடு தப்பித்தது, கோமதி தப்பித்தாள். மலையும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். ஆனால் இந்த ஜெயிப்பு நெஞ்சில் ஏன் இப்படிக் கனக்கிறது என்றுதான் விளங்கவில்லை. வாசல் வரை கூடவே போனார். தமிழ்ப்ரியா அந்தப் பளபளக்கிற வீல்களை இன்னொருமுறை பார்த்துவிட்டு, டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெயிலுக்கு வேர்க்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

பெரியமுத்து காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு வந்தார். மோகனசுந்தரத்துக்கு மனசு கேட்கவில்லை. மகள் போகிற வண்டி, மலைப்பாதை.

"நாஞ் சொல்றதச் சித்தெ கேளுங். பின்னால டயரு ரெண்டும் படுத்துக் கெடக்குது. போற வழியில காத்தடிச்சுட்டுப் போங்."

பெரியமுத்து பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: "காத்தெல்லாம் சரியாத்தான் இருக்குய்யா. ‘இனிமே மலை ஏறப் போறதில்லண்ணே, அப்பா வீட்லயே இருக்கப் போறேன்’னு சொல்லித் தங்கச்சி காலையில ஏத்துன நாலு பெட்டியும், கோமதின்னு பேரு வெட்டுன அந்தச் சீர்ப் பாத்திர மூட்டையும் எறக்காம டிக்கிலயே கெடக்குல்ல, அந்தக் கனம்."